அரை டம்ளர் காபியால் தள்ளிப்போன ஆபரேஷன்

அப்பாவுக்கு 74 வயது. போன ஜூன் மாதம் கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பு இடுப்போரம் உடைந்துவிட்டது. மன்னார்குடியில் எக்ஸ்ரே எடுத்து, மாலையே தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் மளமளவென்று முடிந்தன.

மயக்க மருந்து டாக்டர் வந்து, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று கேட்டார். "நெஞ்சுக்கு ரோஸ் கலர்ல ஒண்ணு" என்றார் அம்மா. பெயர் தெரியாது. பூட்டிய வீடு, சாவி என்னிடம். ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போய், மாத்திரை அட்டையோடு விடிகாலையில் திரும்பினேன். குளோபிடோகிரெல். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுப்பது. அது உடம்பில் இருக்கையில், இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்காக முதுகில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்திவிடலாம். 5 முதல் 7 நாள் நிறுத்திவிட்டுத்தான் போடுவார்களாம். உடைந்த எலும்போடு அத்தனை நாள் படுக்க வைக்க முடியாது, அதனால் முழு மயக்கம் என்றார் டாக்டர். இந்த வயதில் முழு மயக்கமா என்று பதறினேன். 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வைச் சொன்னார். இதே மாதிரி எலும்பு உடைந்த 1,600 பேரில் பாதிப் பேருக்கு முதுகு ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம். 60 நாள் கழித்து, பிழைத்து நடமாடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மனசு கொஞ்சம் அடங்கியது.

ஆனால் நான் பஸ்ஸில் இருந்த நேரத்தில், வாய் காய்கிறது என்று அப்பா கேட்க, அம்மா அரை டம்ளர் காபி கொடுத்திருந்தார். பால் உள்ளே போனால் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. காலை 8 மணி ஆபரேஷன் மறுநாளைக்குப் போனது. "சாப்பிடக் கூடாது" என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் காபி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை.

அடுத்த கூத்து அன்று ராத்திரி. "பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கூடாது" என்றார் வார்டில் ஒருவர். பயந்துபோய் அப்படியே செய்தோம். முறை வந்தது மறுநாள் பகல் 2 மணிக்கு. டிரிப் ஏறியும் அப்பாவின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. அதைப் பார்த்த மயக்க மருந்து டாக்டர், "2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் வெறும் தண்ணி தரலாம்னு எழுதியிருந்தேனே!" என்று கோபப்பட்டார். எழுதியது கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. யாரும் படிக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. டாக்டரிடமே நேரில் கேளுங்கள்: பால் எத்தனை மணி வரை, தண்ணீர் எத்தனை மணி வரை? சர்க்கரை, வயிற்றுக் கோளாறு இருந்தால் கணக்கு மாறும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றிரவு ஐசியூவில் அப்பா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். "மேட்டூர் தண்ணி வந்துட்டுது, மடையைத் திறடா" என்று சொல்லிக்கொண்டே கையில் ஒட்டியிருந்த ஊசி பிளாஸ்திரியை நகத்தால் பிய்த்தார். டெலீரியம் என்கிற மனக்குழப்பம், ஆபரேஷனுக்குப் பின் வயதானவர்களுக்கு வருவதுதான் என்றார் நர்ஸ். கண்ணாடியும் காது மெஷினும் எங்கே என்று அவர்தான் கேட்டார். இரண்டும் அம்மாவின் பையில்! மாட்டிவிட்டு, பகலில் ஜன்னல் திரையை விலக்கி, நாளையும் கிழமையையும் சொல்லிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள், "மோட்டார் ரூமைப் பூட்டினியா தம்பி?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டார்.

வீடு திரும்பியபின் 2020இல் வந்த ஒரு ஆய்வைப் படித்தேன். 17 நாடுகளில் இதே மாதிரி எலும்பு உடைந்த கிட்டத்தட்ட 3,000 பேர். சீக்கிரம் ஆபரேஷன் செய்ததால் சாவு குறையவில்லை. ஆனால் இந்தக் குழப்பம் குறைந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு நாள் வீணாய்ப் போயிருந்தது.

இப்போது வாக்கர் பிடித்துத் திண்ணை வரை வருகிறார். மாத்திரை அட்டைகளைப் படமெடுத்து என் போனிலும் தங்கை போனிலும் வைத்திருக்கிறோம்.