பாக்ஸிங் மிடில்வெயிட்ல யாரு பெரிய ஆளு? என் கணக்கு இதுதான்

பாக்ஸிங்ல ஹெவிவெயிட்ல யாரு பெஸ்ட்டுன்னு கேட்டா முகமது அலி, ஜோ லூயிஸ்னு ரெண்டு பேர சொல்லிட்டு கொஞ்ச நேரத்துல சண்டை முடிஞ்சிடும், மிடில்வெயிட்னு வாய தொறந்தா மட்டும் முடியவே முடியாது. ஏன்னா ஆளாளுக்கு ஒரு அளவுகோல் வச்சிருக்கான். ஒருத்தன் எத்தன தடவ டைட்டில டிஃபெண்ட் பண்ணாரு, அதாவது பட்டத்த காப்பாத்தினாருன்னு எண்ணுவான், ஒருத்தன் எத்தன நாக்கவுட்டுன்னு கேப்பான், இன்னொருத்தன் "சுகர் ரே ராபின்சன் தான்டா எல்லாருக்கும் மேல"ன்னு ஒரே வார்த்தைல கடைய மூடிடுவான்.

டிஃபென்ஸ எண்றது எனக்கு ஒத்து வராது. அப்படி எண்ணா மிடில்வெயிட் சாம்பியன்கள்ல பெர்னார்ட் ஹாப்கின்ஸும் கெனடி கொலோவ்கினும் ஆளுக்கு 20, கார்லோஸ் மொன்சோன் 14, மார்வின் ஹேக்லர் 12, கத முடிஞ்சுது. ஆனா இப்ப ஒரே வெயிட்டுக்கு நாலு அமைப்பு குடுக்கற நாலு பெல்ட்டு, நாலு சாம்பியன், அதுல ஒரு பெல்ட்ட வச்சுகிட்டு சுமாரான ஆளுங்கள வரிசையா அடிச்சாலும் கணக்கு ஏறும். அந்த காலத்துல உலகத்துக்கே ஒரு சாம்பியன். ரெண்டையும் ஒரே தராசுல போட முடியாது.

நான் பாக்குறது வேற. மிடில்வெயிட்டுங்கறது 160 பவுண்டு, கிட்டத்தட்ட 72 கிலோ, நடுவுல மாட்டிகிட்ட வெயிட்டு. கீழ வெல்டர்வெயிட்ல பேர் வாங்கின ஸ்டாருங்க பெரிய பணத்துக்காக மேல ஏறி வருவாங்க, மிடில்வெயிட் சாம்பியனும் அவங்கள அடிச்சு பேர் வாங்குவாரு. ஹாப்கின்ஸோட ரெண்டு பெரிய வெற்றிய எடுத்துக்கோங்க, 2001ல டிரினிடாட், 2004ல டி லா ஹோயா, ரெண்டு பேருமே கீழருந்து வந்தவங்க. கொலோவ்கின் 2016ல அடிச்ச கெல் புரூக் அதுக்கு முன்னாடி ஃபைட்டு வரைக்கும் வெல்டர்வெயிட்டு. அதனால ஒரு சாம்பியன் அடிச்ச ஆளு எந்த பக்கத்துலருந்து வந்தாருன்னுதான் நான் மொதல்ல பாப்பேன், கீழருந்து வந்தவர அடிச்சா மார்க் கம்மி.

இப்படி பாத்தா மொத எடம் யோசிக்கவே வேணாம், ஹாரி க்ரெப். பிட்ஸ்பர்க்காரர், 1923லருந்து 1926 வரைக்கும் சாம்பியன், மொத்தம் கிட்டத்தட்ட 300 ஃபைட்டு. எல்லாரும் கீழருந்து வந்தவங்கள அடிச்சா இவரு மேல ஏறிப்போய் அடிச்சவரு. 1922ல நியூயார்க்ல ஜீன் டன்னிய 15 ரவுண்டு ரத்தம் சொட்ட சொட்ட அடிச்சு பாயிண்ட்ஸ்ல ஜெயிச்சாரு, அதே டன்னிதான் நாலு வருஷம் கழிச்சு டெம்ப்ஸிய தோக்கடிச்சு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனாரு. டன்னி கரியர்லயே ஒரே ஒரு தோல்விதான், அது க்ரெப் கிட்ட. இதுல க்ரெப்புக்கு ஒரு கண்ணுல பார்வை போயிடுச்சு, அத வெளிய சொல்லாமலே வருஷக்கணக்கா ஆடியிருக்காரு. 1926ல ஒரு ஆபரேஷனுக்கு அப்புறம் செத்துப்போனப்ப வயசு 32.

இங்கதான் சிக்கல். க்ரெப் ஃபைட்டு ஒண்ணு கூட ஃபிலிம்ல இல்ல. பயிற்சி பண்ற மாதிரி கொஞ்சம் ஓடும், அவ்ளோதான். நிறைய ஃபைட்டுக்கு அந்த காலத்து வழக்கப்படி ஜட்ஜ் தீர்ப்பே கெடையாது, மறுநாள் பேப்பர்காரன் யாரு ஜெயிச்சான்னு எழுதினதுதான் ரிசல்ட்டு. பாக்காத ஆளுக்கு எப்படிய்யா மொத எடம்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஒவ்வொரு தடவையும் குதிப்பான். நியாயமான கேள்விதான், ஆனா டன்னி தோத்தது நிஜம்ல, அதுக்கு ஃபிலிம் எதுக்கு.

ராபின்சன் விஷயத்துலதான் அடிதடியே நடக்கும். மொத்தமா பாத்தா பாக்ஸிங்ல அவர விட பெரிய ஆளு கெடையாது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அந்த ராபின்சன் வெல்டர்வெயிட் ராபின்சன். மிடில்வெயிட்ல அஞ்சு தடவ டைட்டில் ஜெயிச்சாருன்னு பெருமையா சொல்றாங்க, அஞ்சு தடவ ஜெயிக்கணும்னா நடுவுல விட்டிருக்கணும்ல? 1951ல டர்பின் கிட்ட, 1957ல ஃபுல்மர் கிட்டயும் பசிலியோ கிட்டயும், அதுலயும் பசிலியோ வெல்டர்வெயிட் சாம்பியனா இருந்து மேல வந்தவரு. கடைசியா 1960ல பெண்டர் கிட்ட தோத்து மொத்தமா போச்சு. ஆனா ஒண்ணு, ராபின்சனே சின்ன ஆளா மேல ஏறி வந்து லமோட்டா மாதிரி முரட்டு மிடில்வெயிட்ட 1951ல 13வது ரவுண்டுல நிறுத்தினவரு, அந்த மார்க்க குடுத்துதான் ஆகணும். அப்புறம் 1957 மே மாசம் ஃபுல்மர் ரீமேட்ச். 36 வயச தொடப்போற ஆளு பின்னாடி நகந்துகிட்டே ஒரு லெஃப்ட் ஹூக் (இடது கைய வளைச்சு விடற குத்து) விட்டாரு பாருங்க, ஃபுல்மர் உள்ள வர்றதும் அது தாடைல போய் உக்கார்றதும் ஒரே நேரம். அதுக்கு முன்னாடி ஃபுல்மர யாரும் நாக்கவுட் பண்ணதே இல்ல.

சரி, ஹேக்லரா மொன்சோனா. மனசு ஹேக்லர் பக்கம்தான். 1976ல பிலடெல்பியாவுல பாபி வாட்ஸ் கிட்டயும் வில்லி மன்றோ கிட்டயும் தோத்து, அப்புறம் ரெண்டு பேரையும் திரும்ப பிடிச்சு நிறுத்தினவரு. கிட்டத்தட்ட 50 ஃபைட்டு ஆடினதுக்கு அப்புறம்தான் மொத டைட்டில் சான்ஸே குடுத்தாங்க, அதுலயும் டிரான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. 1980ல லண்டன்ல அப்ப சாம்பியனா இருந்த பிரிட்டிஷ்காரர் மின்ட்டர மூணு ரவுண்டுல முடிச்சதும் கூட்டம் பாட்டில் வீச, பெல்ட்ட கைல கூட வாங்காம ஓட வேண்டியதாச்சு. 1985 ஹெர்ன்ஸ் ஃபைட்ட பத்தி நான் என்ன புதுசா சொல்லப்போறேன், எட்டு நிமிஷம், நெத்தி கிழிஞ்சு ரத்தம் வழியுது, டாக்டர் வந்து பாக்குறாரு, நிறுத்திடுவாங்களோன்னு தெரிஞ்ச உடனே போய் முடிச்சிட்டாரு.

ஆனா என் அளவுகோல அவருக்கும் வச்சு பாக்கணும்ல. ஹெர்ன்ஸ் கீழருந்து வந்தவரு. டுரான் லைட்வெயிட்லருந்து வந்தவரு, அவர் கிட்ட 15 ரவுண்டு போய் கடைசி ரெண்டு ரவுண்டுலதான் ஹேக்லர் தப்பிச்சாரு. லெனார்டும் கீழருந்துதான், அதுவும் மூணு வருஷம் ஃபைட்டே இல்லாம 1987ல வந்து ஜெயிச்சிட்டு போனாரு. ஒரு ஜட்ஜ் லெனார்டுக்கு 118-110னு மார்க் போட்டது கொடுமைதான், ஆனா சவுத்பாவா, அதாவது இடது கைக்காரன் மாதிரி நின்னு ஆடற மனுஷன் ஹேக்லர், மொத சில ரவுண்டு வலது கைக்காரன் மாதிரி நின்னு சும்மா தூக்கி குடுத்துட்டாரே, அத யாரு மேல போடறது?

மொன்சோன புடிக்கவே புடிக்காது. 1988ல கூட வாழ்ந்த பொண்ணையே கொன்னவன், ஜெயிலுக்கு போனான், பரோல்ல வெளிய வந்து திரும்புறப்ப 1995ல கார் ஆக்சிடென்ட்ல செத்தான். இது ரேங்கிங், பாராட்டு விழா இல்ல, அதனால ரிங்குக்குள்ள நடந்தத மட்டும் பேசறேன். 1964க்கு அப்புறம் அவன் தோக்கவே இல்ல. நாப்போலெஸ், கிரிஃபித்லாம் கீழருந்து வந்தவங்க, அத கழிச்சிடுங்க. கழிச்ச அப்புறமும் பென்வெனுட்டி மிச்சம், பிரிஸ்கோ மிச்சம், வால்டெஸ் மிச்சம். ஹேக்லரும் பிரிஸ்கோவ ஜெயிச்சாரு, ஆனா அது 1978, பிரிஸ்கோவுக்கு 35 வயசு ஆகப்போற நேரம். மொன்சோன் ஜெயிச்சது 1972ல, பிரிஸ்கோ இன்னும் பயமுறுத்துற காலத்துல. வால்டெஸ் சுத்தமான மிடில்வெயிட்டு, நல்ல ஃபார்ம்ல இருந்தவரு, அந்த மாதிரி ஆள ரெண்டு தடவ ஜெயிச்ச கணக்கு ஹேக்லர் கிட்ட இல்ல.

1977 மான்டி கார்லோ ரீமேட்ச்ல ரெண்டாவது ரவுண்டுலயே வால்டெஸ் ஒரு ரைட் விட்டு மொன்சோன கீழ தள்ளினாரு. எந்திரிச்சான், அவசரமே படல. அந்த நீள கைய நீட்டி ஜேப், ஜேப், வால்டெஸ் உள்ள வரப்பாத்தா ஒரு ரைட், திரும்ப ஜேப். பாக்க அழகு கெடையாது, தூக்கமே வரும், ஆனா ரவுண்டு ரவுண்டா வால்டெஸ் கிட்டருந்து ஃபைட்டு கை நழுவி போறத பாக்கலாம். ஜெயிச்சான், அதோட ரிடையர் ஆயிட்டான்.

அதனால க்ரெப், மொன்சோன், ஹேக்லர், ராபின்சன், ஹாப்கின்ஸ். ஹாப்கின்ஸ் கீத் ஹோம்ஸ், ஜாப்பின்னு அசல் மிடில்வெயிட் சாம்பியன்களையும் அடிச்சிருக்காரு, அதான் அஞ்சாவது. கொலோவ்கின் ஆறாவது, டிரான்னு சொன்ன 2017 கனெலோ ஃபைட்ட அவருக்கு ஒழுங்கா குடுத்திருந்தா ஒருவேள ஒரு படி ஏறியிருப்பாரு. கெட்செல், சார்லி பர்லின்னு இன்னும் ரெண்டு பேர இழுப்பீங்க, பர்லிக்கு டைட்டில் சான்ஸே குடுக்கல, சாம்பியன் லிஸ்ட்ல எப்படி சேக்குறது?

ராபின்சன நாலாவது போட்டதுக்கு திட்டணும்னா திட்டுங்க. மொன்சோன ரெண்டாவது போட்டதுக்கு திட்ட வர்றவங்க மட்டும் அந்த 1977 ஃபைட்ட 15 ரவுண்டும் முழுசா பாத்துட்டு வாங்க, ஹைலைட்ஸ் பாத்துட்டு வர்றவன் கூட நான் பேசறதா இல்ல.