மாம்பழக்கூழ் ஆலையில் ஏறிய எண்கள்

கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கோப்புகள் நத்தை வேகத்தில் நகர்கின்றன என்று அழைத்தபோது, வழக்கம்போல் கேபிளைத்தான் சந்தேகித்தேன். மாதக்கணக்கில் சேர்ந்த பிழை எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. எனவே அதை அழித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், கணினிகளை இணைக்கும் ஸ்விட்சின் போர்ட்டில் சி.ஆர்.சி. பிழைகளும் (தரவு வழியில் சிதைந்ததைக் காட்டும் சரிபார்ப்புப் பிழைகள்) 64 பைட்டுக்குக் குறைந்த துண்டுச் சட்டகங்களும் (அரைகுறைத் தரவுப் பொதிகள்) ஏறியிருக்க, மறுமுனைக் கணினியிலோ தாமத மோதல்கள், அதாவது இரு முனைகளும் ஒரே சமயத்தில் அனுப்புவதால், முதல் 64 பைட்டுகள் போன பிறகு நேரும் மோதல்கள், பதிவாகியிருந்தன. இரு திசையிலும் ஒரே நேரத்தில் தரவு போகும் முழு டூப்ளெக்ஸில் மோதலுக்கே இடமில்லையே! யாரோ ஸ்விட்சில் மட்டும் 100 மெகாபிட், முழு டூப்ளெக்ஸ் என்று கையால் நிலைநிறுத்தியிருந்ததால், இரு முனைகளும் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தாமே பேசி முடிவுசெய்யும் தானியங்கி இணக்கத்துக்குப் பதில் கிடைக்காத கணினி, வேகத்தை மட்டும் கண்டறிந்து ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் தரவு போகும் அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கியிருந்தது. இரு முனைகளையும் தானியங்கிக்கு மாற்றியபின் பிழை எண்கள் மேலும் ஏறவில்லை.