எந்தக் கட்சிக்க கல்யாணம்?

குமரி மாவட்டத்தில் தேர்தலும் முகூர்த்தமும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தால் பந்தல்காரர் பாடு திண்டாட்டம்தான். சீலிங் துணி பாதி ஏறுவதற்குள் வழியோடு போகிறவர் பைக்கை நிறுத்தி, "இது எந்தக் கட்சிக்க கல்யாணம் வே?" என்று கேட்டுவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் காதில் அது விழுந்தால் தீர்ந்தது.

கறுப்பும் சிவப்பும் சரிபாதி என்றால் திமுக. கறுப்பு மேலே, சிவப்பு கீழே. இருளைப் போக்கச் செம்மை எழுகிறது என்பது அதற்கு அவர்கள் சொல்லும் பொருள். ஜாலர் என்னும் சுருக்குத் தொங்கலைத் தைக்கிறவர் சிவப்பை மேலே வைத்துவிட்டார், பெண்ணின் தாய்மாமாவோ கிளைச் செயலாளர் என்றால், அத்தனையையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான். வம்பே வேண்டாமென்று இரண்டுக்கும் நடுவில் வெள்ளையை நுழைப்பவர்கள் உண்டு. கறுப்பு, வெள்ளை, சிவப்பு: அதிமுக வேட்டிக் கரை அச்சு அசலாக வந்துவிடும். கறுப்பை நடுவில் தள்ளி இருபுறமும் சிவப்பு வைத்தால் மதிமுக. நீலத்துக்குத் தாவினால், கீழே சிவப்பு வந்ததும் விடுதலைச் சிறுத்தைகள். நீலம், மஞ்சள், சிவப்பு என்று போனால் பாமக.

அரக்கும் மஞ்சளும்தான் பந்தல்காரர்களுக்கு எப்போதும் கைகொடுத்த ஜோடி. 22 ஆகஸ்ட் 2024 அன்று தவெக கொடி வெளியானது. மேலும் கீழும் சிவப்பு, நடுவில் மஞ்சள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அரக்கும் சிவப்பாகத்தான் தெரியும். அந்தப் புகலிடமும் போயிற்று.

காவி விஷயத்தில் நம்மூருக்குத் தனிக் கணக்கு. காவியைப் பார்த்ததும் பாஜக என்று வெளியூர்க்காரர் முடிவு கட்டிவிடுவார். நடுவில் வெள்ளைத் தீப நாமம் இருந்தால் அது அய்யா வைகுண்டரைப் பின்பற்றுகிறவர்களின் அய்யாவழிக் கொடி. சுவாமித்தோப்பு பக்கம் ஊரெல்லாம் பறக்கும். கம்பை ஒட்டிப் பச்சைப் பட்டையும் காவியில் தாமரையும் இருந்தால்தான் பாஜக. வெறும் காவி கோயில் கொடையாகவும் இருக்கலாம். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் கத்தோலிக்கத் திருவிழா. பச்சையில் பிறையும் நட்சத்திரமும் இருந்தால் முஸ்லிம் லீக். எல்லாவற்றுக்கும் பயந்து முழு வெள்ளை கட்டினால், வருகிறவர்கள் வாசலில் நின்று "யாரு போனது?" என்று கேட்பார்கள்.

இத்தனைக்கும் எந்த நிறமும் எந்தக் கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. 1968 சின்னங்கள் ஆணைப்படி தேர்தல் ஆணையம் ஒதுக்குவது சின்னத்தை மட்டும்தான். சட்டம் விட்டாலும் சொந்தக்காரர்கள் விடுவதில்லை.

இனி துணி. 40க்கு 20 அடிப் பந்தலின் பரப்பு 800 சதுர அடி. சுருக்கு வைக்க ஒன்றரைப் பங்கு, அதாவது 1,200 சதுர அடித் துணி வேண்டும். கடைசி நேரத்தில் நிறம் மாற்றச் சொன்னால் இவ்வளவும் இறங்கி ஏற வேண்டும். மலிவான சிவப்புப் பருத்தித் துணியை வெள்ளைக்கு மேலே கட்டவே கூடாது. கோடை மழை ஒன்று சாத்தினால் சாயம் இறங்கி, சீலிங் முழுக்க ரோஸாகிவிடும். ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். பாலியஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் வெயிலில் வெளுக்கும். கறுப்பு சாம்பலாகும், மலிவுக் காவி வெளிர் மஞ்சளாகும். போன தேர்தலுக்கு வாங்கிய காவித் துணியை வெள்ளையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, "எந்தப் புனிதருக்க திருநாள்?" என்ற கேள்விக்கு விழிப்பது இப்படித்தான்.

தலைவர்கள் வருகிற கல்யாணம் என்றால் கூட்டணிக் கொடிகளும் ஏறும். அவற்றை ஒரே தோரணமாகச் சேர்த்துத் தைப்பது முட்டாள்தனம். கயிற்றில் தனித்தனியாகப் பின் குத்தினால், யாராவது கோபித்துக்கொண்டு போகும்போது அவரை மட்டும் கழற்றலாம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் இது இன்னும் சிக்கல். 6 ஏப்ரல் 2021 அன்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. அன்றைக்குச் செங்கொடியும் காங்கிரஸ் மூவண்ணமும் இந்தப் பக்கம் ஒரே அணி, சோதனைச்சாவடி தாண்டினால் எதிரெதிர் அணி. அந்தப் பக்கத்துப் பாறசாலைக்காரர் சம்பந்தியாக வந்தால் கயிற்றில் எதற்குப் பக்கத்தில் எதைக் கட்டுவது?

இன்றைய தேதிக்கு வில்லங்கமில்லாதவை வாடாமல்லி, வெங்காயத்தோல் ரோஸ், மயில்கழுத்து. வாடாமல்லியும் சந்தனமும் நல்ல ஜோடி, போட்டோவிலும் எடுக்கும். ஆனால் பெரும்பாலான கடைகளில் ஒரு பந்தலுக்குத்தான் அந்தத் துணி இருக்கும். ஒரே முகூர்த்தத்தில் நான்கு கல்யாணம் என்றால், முன்பணம் கொடுத்த முதல் வீட்டுக்கு வாடாமல்லி, இரண்டாம் வீட்டுக்கு வெங்காயத்தோல், மூன்றாம் வீட்டுக்கு மயில்கழுத்து. நான்காவது வீட்டுக்காரரிடம் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையைப் பிரிக்க வேண்டும்.