இரண்டாவது வைவாவில் தேறிய கதை (செயலாய்வு எடுத்தவர்களுக்கு)

நேற்று ரிசல்ட் வந்தது. பாஸ். பொது நிர்வாக எம்.ஏ.வில் மற்ற தாள்களெல்லாம் ஓடிவிட்டன, ஆய்வேடுதான் உயிரை வாங்கியது. எடுத்தது செயலாய்வு, அதாவது களத்தில் ஒன்றைச் செய்து பார்த்து, அதில் கற்றதை வைத்துத் திருத்திக்கொண்டே போகும் ஆய்வு. முதல் வைவாவில் (ஆய்வேட்டின் மேல் நடக்கும் வாய்மொழித் தேர்வு) திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் தப்பு என் மேல்தான்.

என் தலைப்பு: பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு வார்டில் குப்பை சேகரிப்புக்கு மூன்றாண்டுத் திட்டம், ஊழியர்களோடும் குடியிருப்பவர்களோடும் சேர்ந்து போடுவது. முதல் கூட்டத்துக்கு ஸ்வாட் கட்டங்களை (பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நாலு) பாதி நானே நிரப்பிக்கொண்டு போனேன். பொறியாளர் பேசினார், எல்லாரும் தலையாட்டினார்கள். வெளியே டீ குடிக்கும்போதுதான் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா சொன்னார்: "ஏழு மணிக்குக் குப்பை ஆட்டோ வரணும்னு எழுதிட்டீங்க தம்பி, அந்த முனையில எட்டு மணி வரைக்கும் ஸ்கூல் வேன்தான் நிக்கும்." அவ்வளவுதான், திட்டம் காலி. அடுத்த சுற்றில் பொறியாளர் இல்லாமல், நாலு நாலு பேராகத் தெருவிலேயே நின்று, சாக்பீஸால் ஆட்டோ போகும் வழியை அவர்களே வரைந்தார்கள்.

நான் செய்த முட்டாள்தனம், முதல் கூட்டத்தை ஆய்வேட்டில் மறைத்தது. "எல்லாம் எடுத்த எடுப்பிலேயே சரியாக வந்துவிட்டால் இதில் ஆய்வு எங்கே?" என்று கேட்டார் தேர்வாளர். செயலாய்வுக்கு வழிபோட்ட உளவியலாளர் கர்ட் லெவின் 1946-லேயே சொன்னது அதுதானே: திட்டமிடு, செய், என்ன ஆனது என்று பார், திரும்பத் திட்டமிடு. சொதப்பிய சுற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது கன்சல்டன்ட் ரிப்போர்ட்.

இரண்டாம் தடவை அதையே முதல் அத்தியாயமாக வைத்தேன். முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு என்று அளக்கும் ஆர்ன்ஸ்டைனின் (1969) எட்டுப் படி ஏணியில் அந்தக் கூட்டம் மூன்றிலிருந்து ஐந்து வரையிலான கண்துடைப்புப் படிகளைத் தாண்டவில்லை என்று நானே எழுதினேன். பாதி வைவா அதிலேயே போய்விட்டது.

மற்றவை:
- நாட்குறிப்பு அன்றிரவே. மறுநாள் எழுதினால் நம்மை நாமே நல்லவனாக்கிவிடுவோம்.
- யார் கன்னடத்தில் பேசினார், யார் தமிழில் என்று குறியுங்கள். கேட்டார்கள்.
- பொது அமைப்புகள் திட்டமிடுவதற்குப் பிரைசன் சொல்லும் பத்துப் படிகளை மனப்பாடம் செய்வதைவிட, அமைப்பின் சட்டக் கடமை என்ன என்ற படியில் நகராட்சிகள் பற்றிய 74-வது அரசியலமைப்புத் திருத்தத்தைப் பொருத்துங்கள். மக்கள்தொகை மூன்று லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வார்டு கமிட்டி வேண்டும் என்கிறது பிரிவு 243எஸ்.
- பெரிய கூட்டம் வேண்டாம். எனக்கு மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் சொல்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.
- அந்த சாக்பீஸ் படத்தை போனில் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, மறுநாள் மழை.