இடைக்கால ஆய்வுக் கேள்விக்கு எப்படிப் படிக்கலாம்?

எம்.டி. சமூக மருத்துவம் படிக்கிறவர்கள் பலர், இடைக்கால ஆய்வு (மருத்துவச் சோதனை முடியும் முன்பே நடுவில் முடிவுகளை எடுத்துப் பார்ப்பது) என்றதும், எவ்வளவு வித்தியாசம் தெரிந்தால் நடுவிலேயே நிறுத்தலாம் என்று சொல்லும் ஓ'பிரையன்–ஃப்ளெமிங் எல்லைக்கோட்டை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முடிவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் கூடும் பிழையை, அதாவது தற்செயல் வித்தியாசத்தை மருந்தின் விளைவு என்று நம்பிவிடுவதை, கட்டுப்படுத்தத்தான் அந்தக் கோடு. "தொடக்கத்திலேயே இரண்டு குழுவும் ஒரே மாதிரி இல்லையே, இப்போது நிறுத்தலாமா?" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் அது மட்டும் போதாது.

எனக்கு இது பிடிபட்டது யுஜிடிபி (யுனிவர்சிட்டி குரூப் டயபடீஸ் புரோகிராம்) வழியாக. 1960-களில் அமெரிக்காவில் நடந்த நீரிழிவு ஆய்வு. டோல்பியூட்டமைடு என்ற சர்க்கரை குறைக்கும் மாத்திரை எடுத்த 204 பேரில் 26 பேர் இதய, ரத்தநாள நோயால் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 205 பேரில் 10 பேர். 1969-ல் அந்த மருந்தை நிறுத்தினார்கள். உடனே பெரிய சண்டை. மருந்துக் குழுவில்தான் வயதானவர்களும் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களும் கூடுதல், சாவுக்குக் காரணம் அதுதான் என்றார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களோ மறுபக்கம் அதிகம். இதை விடையில் கட்டாயம் எழுதுங்கள். 1971-ல் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் இந்த வித்தியாசங்களையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார். அப்போதும் இறப்பு வித்தியாசம் மறையவில்லை.

அப்புறம் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். சேர்பவர்களில் 20% பேருக்கு ஏற்கெனவே இதய நோய் என்று வைப்போம். குழுவுக்கு 200 பேர் என்றால், இரு விகிதங்களின் வித்தியாசத்துக்குத் திட்டப்பிழை (தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு) 4 சதவீதப் புள்ளி. கால்வாசிப் பேர் சேர்ந்ததும், அதாவது குழுவுக்கு 50 பேரில் பார்த்தால், அது 8. ரேண்டமைசேஷன் (குலுக்கல் முறையில் குழு பிரிப்பது) ஒழுங்காக நடந்திருந்தாலும் ஒரு பக்கம் 13 இதய நோயாளிகள், மறுபக்கம் 7 என்று விழுவது சகஜம். சீக்கிரம் பார்க்கப் பார்க்க ஏற்றத்தாழ்வு பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

பேஸ்லைன் அட்டவணைக்கு (தொடக்கத்தில் இரு குழுக்களும் எப்படி இருந்தன என்று காட்டுவது) பி மதிப்பு, அதாவது வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் எண், போடாதீர்கள். மருத்துவச் சோதனை முடிவுகளை எப்படி எழுதுவது என்று சொல்லும் கன்சார்ட் வழிகாட்டலும் வேண்டாம் என்றே சொல்கிறது. குழுக்களுக்கிடையே வேறுபடும் காரணி முடிவை எவ்வளவு பாதிக்கும் என்பதுதான் கேள்வி.

கார்ன்ஃபீல்ட் செய்ததுபோல் கணக்கில் சேர்த்துச் சரிசெய்ய வேண்டிய காரணிகளை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தரவைப் பார்த்தபின் தேர்ந்தெடுத்தால் விரும்பிய விடையை வரவழைத்துவிடலாம். சரிசெய்ததும் பலன் கணிசமாகச் சுருங்கினால், பாதுகாப்புச் சிக்கல் இல்லாதவரை, ஆய்வைத் தொடரலாம் என்றே நான் எழுதுவேன்.