முட்டை இல்லை என்று சொல்வது

அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவில் என் வேலைகளில் ஒன்று, பொதுமக்கள் கொண்டுவரும் கற்களைப் பார்த்து அவை என்னவென்று சொல்வது. வருகிறவர்களில் நிலவியல் படித்தவர்கள் குறைவு. பள்ளம் தோண்டும்போது கிடைத்தது, ஆற்றோரம் நடக்கும்போது காலில் இடறியது, தாத்தாவின் பெட்டியில் கிடந்தது என்று எதையாவது துணியில் சுற்றி எடுத்து வருவார்கள். மேசையில் வைக்கும் முன்பே பெயர் முடிவாகியிருக்கும்: டைனோசர் முட்டை, விண்கல், பாம்புத் தோல், மண்டை ஓடு. பெரும்பாலானவை இந்த நான்கில் அடங்கிவிடும்.

நான் சொல்லும் பதில்களில் பெரும்பாலானவை ‘இல்லை’ என்பதுதான். அதைச் சொல்வது எளிது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். முட்டை என்றால் முட்டை என்று எழுதி அனுப்பிவிடலாம். எதிரில் இருப்பவர் காரணம் கேட்கப்போவதில்லை. முட்டை இல்லை என்றால், ஏன் இல்லை, பிறகு இது என்ன, எப்படி இவ்வளவு உருண்டையானது என்று மூன்று கேள்விகளுக்காவது விடை சொல்லியாக வேண்டும். அந்த விடைகள் கல்லிலிருந்தே வரவேண்டும். என் பதவியிலிருந்து அல்ல.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் தேங்காய் அளவில் ஒன்றைக் கொண்டுவந்தார். “பாருங்கள் ஐயா, ஓடுகூடத் தனியாக உரிந்து வருகிறது” என்றார். உண்மைதான். வெளியே பழுப்பு நிறத்தில் மெல்லிய பொருக்கு, உள்ளே சாம்பல் நிறம். பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸை அவரிடம் கொடுத்தேன். எல்லோரையும் போல அவரும் லென்ஸைக் கல்லருகே வைத்துத் தலையைத் தூரத்தில் வைத்துக்கொண்டார். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, கல்லை அதன் அருகே கொண்டுவரச் சொன்னேன். பொருக்கிலும் மணல் துகள்கள், உள்ளேயும் அதே மணல் துகள்கள். வெளிப்புறத்தில் இரும்பு துருவேறி நிறம் மட்டும் மாறியிருந்தது. உண்மையான முட்டை ஓடாக இருந்தால், உடைந்த விளிம்பில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகங்கள் ஓட்டுக்குச் செங்குத்தாக, நெருக்கமாக நிற்பது தெரியும். மேற்பரப்பில் நுண்துளைகள் இருக்கும், பல வகை ஓடுகளில் சிறு புடைப்புகளும் இருக்கும். இதில் எதுவும் இல்லை. பிறகு கல்லைத் திருப்பி, பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடுகளைக் காட்டினேன். அவை மணல் படிந்த அடுக்குகள். ஒரு பக்கம் நுழைந்து, உருண்டையின் வயிற்றைக் கடந்து, மறுபக்கம் நேராக வெளியேறின. முட்டையை மணலில் புதைத்தால் அடுக்கு அதைச் சுற்றிப் போகுமே தவிர ஊடுருவிப் போகாது. இதை நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் புரிந்துகொண்டார்.

“அப்படியானால் வெறும் கல்தானா?” என்றார்.

இல்லை என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அது கான்கிரீஷன். மணலோ சேறோ முழுதாக இறுகும் முன்பே, நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சைட் அல்லது இரும்புக் கார்பனேட் ஓரிடத்தில் துகள்களின் இடுக்குகளில் படிந்து இறுகத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு இலை, ஒரு சிப்பி, அழுகும் மீன் என்று ஏதாவது ஒன்று அதற்குத் தொடக்கப் புள்ளியாக இருக்கும். எல்லாத் திசைகளிலும் சமமாக வளர்ந்தால் உருண்டை. சுற்றியுள்ள பாறை தேய்ந்துபோனபின் அது மட்டும் உதிர்ந்து கிடக்கும். ஆகவே முட்டை இல்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மேசன் க்ரீக் பகுதியின் கான்கிரீஷன்கள் இதற்காகவே பெயர் பெற்றவை. சுமார் 31 கோடி ஆண்டுகள் பழமையானவை. சேகரிப்பாளர்கள் அவற்றைச் சுத்தியலால் அடிப்பதைவிட, தண்ணீரில் ஊறவைத்து உறையவிட்டு, உருகவிட்டு, மறுபடி உறையவிடுவார்கள். உள்ளே பலவீனமான தளம் இருந்தால் கல் தானாகப் பிளக்கும். ஃபிரான்சிஸ் டல்லி என்ற தொழில்முறை சாராத சேகரிப்பாளர் 1950களில் அங்கே கண்டெடுத்த உயிரினத்தைச் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த யாராலும் அதை இன்ன விலங்கு என்று சொல்ல முடியவில்லை. 1966இல் டல்லிமான்ஸ்ட்ரம் என்று பெயரிட்டார்கள். காம்பின் நுனியில் கண், நீண்ட முகத்தின் முனையில் பல் வைத்த பிடி. முதுகெலும்புள்ளதா இல்லாததா என்று இன்றும் சண்டை தீரவில்லை. இந்தக் கதையை ஓட்டுநரிடம் சொன்னபோது அவர் உடனே கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டார். உறைபெட்டியில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பெரணிக் கதை வேறு. சுண்ணாம்புக்கல் பலகையில் கருப்பாக, அழகாகக் கிளைத்திருக்கும் ‘செடி’யைக் கொண்டுவருவார்கள். எனக்கே பிடிக்கும் பொருள் அது, இல்லை என்று சொல்ல மனம் வராது. மாங்கனீசு ஆக்ஸைடு கரைசல் பாறையின் விரிசலில் கசிந்து வளர்ந்த டென்ட்ரைட் அது. பெரணி இலையில் நடுநரம்பு இருக்கும், அதன் இருபுறமும் ஒழுங்கான சிற்றிலைகள் இருக்கும். டென்ட்ரைட்டில் நரம்பே இருக்காது. விரிசலின் விளிம்பிலிருந்து கிளம்பி, கிளைத்து, கிளைத்து, மனம்போல நின்றுவிடும். லெப்பிடோடென்ட்ரான் இதற்கு நேர் எதிர். அது நிஜமான தாவரம், நிலக்கரிக் காலத்து மரத்தின் பட்டை. ஆனால் இலைகள் உதிர்ந்த வைரவடிவத் தழும்புகள் வரிசையாக இருப்பதால் பாம்புத் தோல் என்றுதான் வரும். செடி என்று வருவது கனிமம், பாம்பு என்று வருவது மரம்.

விண்கல் என்று வருவதில் பெரும்பகுதி உலைக்கசடு. உடைந்த முகத்தில் குமிழித் துளைகள் நிறைய இருந்தால் நான் மேற்கொண்டு அதிக நேரம் செலவிடுவதில்லை. விண்கற்களில் அப்படிப்பட்ட துளைகள் மிக அரிது. இரும்புத் தாதுக்களான ஹேமடைட்டும் மேக்னடைட்டும் அடுத்த ஏமாற்றுக்காரர்கள். மெருகிடாத பீங்கானில் உரசினால் ஹேமடைட் செம்பழுப்புக் கோடு போடும், மேக்னடைட் கருங்கோடு போடும். சிதையாத விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. எல்லோருக்கும் தெரிந்த காந்தச் சோதனையை மட்டும் செய்யாதீர்கள் என்கிறேன். செவ்வாயிலிருந்து வந்த ‘பிளாக் பியூட்டி’ என்ற விண்கல்லின் துண்டுகளில், அந்தக் கோளின் பழங்காலக் காந்தப்புலத்தின் பதிவைத் தேடினார்கள். சேகரிப்பாளர்களும் வியாபாரிகளும் ஒட்டிப் பார்த்த கைக்காந்தங்கள் அந்தப் பதிவை அழித்திருந்தன என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. கல் வரும்போதே பாக்கெட்டில் காந்தமும் வருகிறது. நான் எச்சரிக்கும் நேரத்தில் காரியம் முடிந்திருக்கும்.

எதற்கும் நான் கேட்கும் முதல் கேள்வி, எங்கே கிடைத்தது என்பது. பலர் மழுப்புவார்கள், இடத்தைச் சொன்னால் நாளைக்கே வேறு யாராவது போய்விடுவார்கள் என்ற பயம். ஆனால் இடம் தெரியாத புதைபடிவத்தின் வயதைச் சொல்வது கடினம். அது ஆராய்ச்சிக்கும் அநேகமாகப் பயன்படாது. இடம் தெரிந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பகுதிப் பாறையில் இது இருக்காது என்று மேசையில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லும் ஆசை எழும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும்: சாலையோரக் கிராவல் எங்கிருந்தோ லாரியில் வந்தது.

எப்போதும் சரியாக இருக்காது என்பதற்கு இங்கிலாந்தின் சார்ன்வுட் காடு சாட்சி. 1956இல் டீனா நீகஸ் என்ற பள்ளி மாணவி அங்கே பாறையில் பெரணி போன்ற பதிவொன்றைப் பார்த்து, ஆசிரியையிடம் சொன்னார். கேம்பிரியனுக்கு, அதாவது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய நிலவியல் காலத்துக்கு, முந்தைய பாறைகளில் புதைபடிவம் கிடையாது என்று பதில் வந்தது. அன்றைய பாடநூல்களும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லின. அடுத்த ஆண்டு ரோஜர் மேசன் என்ற மாணவர் அதே பதிவைப் பார்த்தார். அவருடைய தந்தைக்குப் பல்கலைக்கழக நிலவியலாளர் டிரெவர் ஃபோர்டைத் தெரியும். ஃபோர்டு நேரில் போய்ப் பார்த்தார். 1958இல் சார்னியா மேசோனை என்ற பெயரில் அது வெளியானது. 55 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. இரண்டு பேரும் பார்த்தது ஒரே பதிவு. ஒரு முறைதான் யாரோ பாறைவரை நடந்து போனார்கள்.

புதிதாகச் சேரும் உதவியாளர்கள் எழுதும் விடைச்சீட்டில் ‘இருக்க வாய்ப்பில்லை’ என்று மட்டும் இருந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அடுக்கு ஊடுருவுகிறது, குமிழி இருக்கிறது, நடுநரம்பு இல்லை என்று கண்ணால் பார்த்த ஒன்றையாவது எழுதியாக வேண்டும். பார்க்கவே முடியவில்லை என்றால் அதையும் எழுதலாம்.

இப்போது பாதிக் கற்கள் நேரில் வருவதில்லை, படமாகத்தான் வருகின்றன. படத்தைக் கீறிப் பார்க்க முடியாது, கையில் ஏந்தி எடை பார்க்க முடியாது, ஓரத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்க முடியாது. அதனால் கழுவித் தேய்க்காமல், வார்னிஷ் பூசாமல், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, உடைந்த முகமும் தெரியும்படி நாலு பக்கமும் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். வந்துசேரும் படங்களில் மிகத் துல்லியமாக விழுந்திருப்பது கல்லைப் பிடித்திருக்கும் கட்டைவிரல்தான்.