வள்ளத்துக்கு மூன்று நாள் ஓய்வு, எனக்கு வடகரை

சித்திரையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காரைநகரில் கரையேற்றி வைத்த பழைய வள்ளத்தோடுதான் என் வாழ்க்கை, இரவில் படுப்பதும் அதற்குள்ளேதான். போன கிழமை பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை முடிந்து குங்கிலியமும் எண்ணெயும் பூசியாயிற்று. காயும்வரை கை வைக்கக் கூடாது என்று வள்ளம் கட்டும் ஓடாவி அண்ணை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, இந்த மூன்று நாளில் வள்ளத்தைக் கொண்டுபோய் ஒதுக்கக்கூடிய இடங்களைத் தரையிலிருந்து பார்த்து வருவோம் என்று மாமாவின் மொறிஸ் மைனரைக் கேட்டு வாங்கினேன். 90களில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது, இன்னும் முதல் இழுப்பிலேயே ஸ்ராட் ஆகிறது.

முதல் நாள் காலை கோவளம் வெளிச்சவீட்டடி. சோழகம், அதுதான் தென்மேற்குக் காற்று, நேரே முகத்தில் அடித்தது, கடல் முழுக்க வெள்ளை நுரை, வள்ளம் இறக்க நினைக்கவே முடியாது. அங்கிருந்து மாதகல், கீரிமலை, காங்கேசன்துறை என்று கரையோரமாக ஓட்டி மத்தியானம் வல்வெட்டித்துறைக்கு வந்தால் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கிறது. அதே நாள், அதே காற்று! இங்கே அது தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரத்தில் அலை எழும்புவதில்லை. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் காலத்தில் இதே கரைதான் முழு அடியையும் வாங்கும். கடலில் போயிருந்தால் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அமைதியை நம்பி இறங்கவும் பயமாக இருக்கிறது. எஞ்சின் நின்றால் காற்று வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் நங்கூரக் கயிற்றை இன்னும் நீளமாக வாங்குவதென்று அங்கேயே முடிவெடுத்தேன்.

வல்வெட்டித்துறைக் கரையில் கனநேரம் நின்றேன். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் பாயிலேயே போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நான் ஒரு சின்ன வள்ளத்துக்கே இத்தனை மாதம் பாடுபடுகிறேன், அந்த ஓடாவிமாரின் கைகளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அடுத்த நாள் தொண்டைமானாறு அணைக்கட்டைப் பார்த்துக்கொண்டு பருத்தித்துறை. 1916இல் கட்டிய 32 மீற்றர் வெளிச்சவீடு, கடலிலிருந்து வரும்போது எனக்கு நல்ல அடையாளம். கரையோரம் முழுக்க முருகைக்கல், பவளப்பாறைதான். எந்த இடைவெளியால் படகுகள் உள்ளே வருகின்றன என்று ஒரு மணித்தியாலம் இருந்து கொப்பியில் வரைந்தேன். கல்லில் வள்ளத்தின் அடிமரம் தட்டினால் என் மூன்று மாத வேலையும் போய்விடும்.

மூன்றாம் நாள் மணற்காடு. மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைப் பார்க்கப் போய் காரும் புதைந்தது. நான் அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு ஐயா எழும்பி வந்து, "தம்பி, மிதியாதேங்கோ, சில்லுக் காத்தைப் பாதி இறக்கிவிடுங்கோ" என்றார். காற்று இறங்க ரயர் பரந்து மணலைப் பிடித்தது, இரண்டு பேர் தள்ள வெளியே வந்துவிட்டோம். அவரோடு பிளேன்ரீ குடித்தபோது, இந்தப் பக்கம் மணற்கரைதான், வள்ளத்தை இழுத்து ஏற்றலாம், ஆனால் வாடை தொடங்க முன் திரும்பிவிட வேண்டும் என்றார்.

நேற்றிரவு திரும்பி வந்து தொட்டுப் பார்த்தேன். பூச்சு காய்ந்துவிட்டது, வள்ளத்தின் முன்புறமான அணியப் பக்கத்தில் ஒரு பொருத்து மட்டும் இன்னும் ஒட்டுகிறது. நாளைக்கு அண்ணை வந்து பார்ப்பார்.